மலையேறும்போது இழுக்காத பழைய கார்: எரிபொருள் அழுத்தத்தைச் சோதிப்பது எப்படி?

பொத்துவில் முதல் வாகரை வரை நம்முடைய கிழக்கிலங்கைக் கரையோரம் முழுவதும் சமதரை. பாலங்களில் ஏறி இறங்குவதைத் தவிர இன்ஜினுக்குப் பெரிய பாரம் எதுவும் இங்கே கிடையாது. அதனால்தான் எரிபொருள் பம்ப் பாதி செத்துப்போன காரும் கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் மாதக்கணக்கில் முறைப்பாடு இல்லாமல் ஓடும். பிள்ளையைப் பேராதனையில் கொண்டுபோய் விடவென்று மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை தாண்டி 18 வளைவு மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும்தான் குட்டு வெளிப்படும். அக்சிலேட்டரை அடிவரை மிதித்தாலும் கார் இழுக்காது, வெட்டி வெட்டிப் போகும். ஓரமாக நிற்பாட்டி, கொஞ்சம் பொறுத்து ஸ்டார்ட் பண்ணினால் இன்னும் இரண்டு வளைவு ஏறும். பிறகு மறுபடியும் அதே கதை.

ஊர் திரும்பிக் கராஜில் விட்டால் கேட்கக் கிடைக்கும் தீர்ப்பு அநேகமாக ஒன்றுதான்: "காக்கா, பம்ப் போயிட்டு. புதுசு போட்டாச் சரி." அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் புதுப் பம்ப் போட்ட பிறகும் குறை தீராமல் அலைகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். காரணம் எளிது. எரிபொருள் அழுத்தம் குறைவதற்குப் பம்ப் ஒரு காரணம் மட்டுமே. பம்புக்குப் போகிற மின்சாரம், அடைபட்ட பில்டர், பிடிக்காத ரெகுலேட்டர், டாங்கிக்குள் கிடக்கும் கறள் என்று இன்னும் பல இருக்கின்றன. எது என்று பிரித்தறிய ஒரு பிரஷர் கேஜும் ஒரு மல்டிமீற்றரும் போதும். அளக்காமல் பம்ப் மாற்றுவது காசை டாங்கிக்குள் போடுகிற வேலை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. 90களில் வந்த கொரோலா, சன்னி, லான்சர் எல்லாம் இன்னும் வீதியில் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அந்தக் காலத்துப் பெற்றோல் இன்ஜெக்ஷன் கார்களைப் பற்றியது. காபரேட்டர் வண்டிகளையும் டீசலையும் கடைசியில் சுருக்கமாகத் தொடுகிறேன்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது?

பம்ப்தான் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் பம்ப் தருவது ஓட்டத்தை. அந்த ஓட்டத்தை ஏதாவது ஒன்று மறிக்கும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற ஹோஸின் வாயைப் பெருவிரலால் பாதி மூடினால் தண்ணீர் எட்டத்தில் போய் விழுகிறதல்லவா? மோட்டார் அதே மோட்டார், வேகமும் அதே வேகம். விரல்தான் அழுத்தத்தைக் கூட்டியது.

காரில் அந்த விரலின் வேலையைப் பார்ப்பது பிரஷர் ரெகுலேட்டர். டாங்கிக்குள் இருக்கும் மின்சாரப் பம்ப், இன்ஜினுக்குத் தேவையானதை விடப் பல மடங்கு பெற்றோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது பில்டரைத் தாண்டி, இன்ஜினுக்குள் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் பொருத்தியிருக்கும் குழாய்க்கு வரும். அந்தக் குழாயின் முனையில் ரெகுலேட்டர் நிற்கிறது. குறித்த அழுத்தம் வரும்வரை மூடியிருக்கும். அதற்கு மேல் போனால் திறந்து, மிச்சத்தை ரிட்டர்ன் குழாய் வழியே டாங்கிக்குத் திருப்பி அனுப்பும்.

இந்த "மிச்சம்" என்பதைக் கவனியுங்கள். சமதரையில் மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும்போது இன்ஜின் குடிப்பது கொஞ்சம். திரும்பிப் போவதுதான் அதிகம். பில்டர் பாதி அடைபட்டால் முதலில் குறைவது அந்தத் திரும்பிப் போகும் பங்குதான், அழுத்தம் அப்படியே நிற்கும். அதனால் குறை வெளியே தெரியாது. மலையில் இன்ஜின் கூடக் கேட்கும்போது மிச்சம் பூச்சியமாகிவிடும். அதற்குப் பிறகுதான் அழுத்தம் சரியத் தொடங்கும். ஊருக்குள் நல்ல பிள்ளையாக ஓடிய கார் மலையில் காலை வாருவதன் இரகசியம் இதுதான்.

அழுத்தம் குறைந்தால் என்ன நடக்கும்? இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைக் காரின் கணினி முடிவு செய்கிறது. அழுத்தம் சரியாக இருக்கிறது என்று நம்பித்தான் அது கணக்குப் போடுகிறது. பழைய கார்களில் அழுத்தத்தை அளக்கிற சென்சர் எதுவும் இல்லை. 3 பார் இருக்க வேண்டிய இடத்தில் 2 பார் இருந்தால், அதே நேரத்துக்குத் திறந்த இன்ஜெக்டரில் இருந்து சுமார் 18 வீதம் குறைவாகப் பெற்றோல் விழும். மூன்றில் ஒரு பங்கு குறையாதா என்று கேட்கலாம். ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும், அதனால்தான் 18. மெதுவாக ஓடும்போது எக்ஸோஸ்ற்றில் இருக்கும் ஒட்சிசன் சென்சர் "கலவை வறண்டு போகிறது" (காற்றுக்குப் பெற்றோல் போதவில்லை) என்று அறிவிக்க, கணினி இன்ஜெக்டரைக் கொஞ்சம் கூட நேரம் திறந்து ஈடுகட்டிவிடும். முழுதாக மிதிக்கும்போது கணினி அந்தச் சென்சரின் பேச்சைக் கேட்பதில்லை. அந்த நேரத்தில் குறையை மறைக்க ஆளில்லை.

வறண்ட கலவையின் அடையாளங்கள்: மிதித்ததும் ஒரு தயக்கம், இழுவை இல்லாமை, சில வேளை காற்று உள்ளே போகும் வழியில் "டப்" என்று ஒரு வெடிப்பு. ஸ்கேனர் பிடிக்கிற கார் என்றால் பி0171 என்ற குறியீடு வரலாம். ஸ்கேனருக்கு இடமில்லாத 90களின் டொயோட்டாவில் பொனட்டுக்குள் இருக்கும் டயக்னோசிஸ் பெட்டியில் டிஈ1, ஈ1 இரண்டையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துத் திறப்பை ஒன் பண்ணினால் செக் இன்ஜின் விளக்கு மின்னி மின்னி இலக்கம் சொல்லும். அதில் 25 வந்தால் கலவை வறட்சி.

ஆனால் வறட்சி வந்தால் உடனே பெற்றோல் பக்கம் பாயக் கூடாது. எங்கோ வெடித்த ஹோஸால் காற்று களவாக உள்ளே போனாலும் இதே குறியீடு வரும். இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு. களவுக் காற்று என்றால் குறை ஸ்லோவில் (அக்சிலேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது மோசமாக இருக்கும், வேகம் கூடக்கூடக் குறையும். பெற்றோல் போதாமை அதற்கு நேர்மாறு: ஸ்லோவில் சும்மா இருக்கும், பாரம் ஏறினால் காட்டிக் கொடுக்கும்.

கேஜை எடுக்க முன்னர்

முதலில் காது. வானொலியையும் ஏசியையும் நிற்பாட்டிவிட்டு, பின் சீற்றுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு ஒருவரிடம் திறப்பை ஒன் பண்ணச் சொல்லுங்கள். பல கார்களில் பம்ப் இரண்டு மூன்று வினாடிக்கு "ம்ம்ம்" என்று ஓடி நிற்கும். பழைய டொயோட்டாக்கள் சிலவற்றில் திறப்பை ஒன் பண்ணினால் மட்டும் பம்ப் ஓடாது, ஸ்டார்ட்டர் சுற்றினால்தான் ஓடும். இது தெரியாமல் சத்தம் வரவில்லை என்று நல்ல பம்பைக் கழற்றியவர்கள் உண்டு. அந்த டொயோட்டாக்களில் டயக்னோசிஸ் பெட்டியில் எப்பி என்ற முனையையும் பிளஸ் பி என்ற முனையையும் இணைத்தால், இன்ஜின் ஓடாமலே பம்பை ஓட்டிப் பார்க்கலாம்.

சத்தமே இல்லையென்றால் பியூஸ், பிறகு ரிலே. பழைய ஹொண்டாக்களின் மெயின் ரிலேக்கு ஒரு பேர்போன வியாதி இருக்கிறது. அதற்குள் இருக்கும் ஈயப் பற்று காலப்போக்கில் வெடித்துவிடும். காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். மத்தியான வெயிலில் கண்ணாடி ஏற்றி ஒரு மணித்தியாலம் நிற்பாட்டிவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாது. வெப்பத்தில் வெடிப்பு விரிகிறது, குளிர்ந்ததும் சேர்கிறது. நம்முடைய சித்திரை வெயிலில் இந்த வியாதி பம்பின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ளும். ஈயப்பற்றைப் புதுப்பித்தால் தீருகிற காரியம்.

டாங்கியின் அடியில் கையால் ஓங்கித் தட்டினால் பம்ப் ஓடத் தொடங்குகிறதா? அப்படியானால் பம்பின் உள்ளே பிரஷ் தேய்ந்துவிட்டது. வீடு போய்ச் சேர அது உதவும். ஆனால் அந்தப் பம்பை நம்பி மகாஓயாக் காட்டுப் பாதையில் இரவில் போகாதீர்கள்.

பம்ப் ஓடுகிறது, ஆனால் சத்தம் சோர்வாக இருக்கிறது என்றால் மல்டிமீற்றரை எடுக்க வேண்டும். என் அபிப்பிராயத்தில் கரையோரத்து வாகனங்களுக்கு இதுதான் முக்கியமான சோதனை, நிறையப் பேர் தாண்டிப் போகிற சோதனையும் இதுதான். கல்லடியிலும் காரைதீவிலும் கடலோடு ஒட்டி நிற்கிற கார்களில் உப்புக்காற்று வயர் முனைகளைப் பச்சை பூக்க வைக்கிறது. போடியில் போல்ட் போட்டு இறுக்கிய ஏர்த் வயரின் அடியில் கறள் ஏறுகிறது. வயர் வெளியில் நன்றாகத்தான் தெரியும். ஆனால் பம்புக்கு முழு வோல்ட் போய்ச் சேராது. வோல்ட் குறைந்த பம்ப் மெதுவாகச் சுற்றும், குறைவாகத் தள்ளும்.

சோதிக்கும் முறையில் ஒரு சூட்சுமம். கனெக்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு வெறும் முனையில் அளந்தால் மீற்றர் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டும். "கரண்ட் நல்லா வருது, அப்ப பம்ப்தான்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். கறள் பிடித்த வயரும் சும்மா நிற்கும்போது முழு வோல்ட்டைக் காட்டும். மின்னோட்டம் ஓடும்போதுதான் இழப்புத் தெரியும். ஆகவே கனெக்டர் மாட்டியபடி, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, கனெக்டரின் பின்பக்கத்தால் மெல்லிய ஊசி முனையை விட்டு அளக்க வேண்டும். பற்றரியில் 13.8 வோல்ட் இருக்க, பம்பில் 13.3 அளவில் இருந்தால் குறை சொல்ல முடியாது. 11.5தான் இருக்கிறது என்றால் வழியில் 2.3 வோல்ட் தொலைந்துவிட்டது.

எங்கே தொலைந்தது? மீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரியின் மைனஸிலும், சிவப்பு முனையைப் பம்பின் ஏர்த் வயரிலும் வையுங்கள். பம்ப் ஓடும்போது 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் பக்கம்தான் குற்றவாளி. அந்தப் போல்ட்டைக் கழற்றி, உலோகம் மின்னும் வரை உரசி, கிறீஸ் பூசி இறுக்கினால் ஐந்து சதம் செலவில்லாமல் பம்புக்கு உயிர் வரும். ஏர்த் சரியாக இருந்தால் இழப்பு மற்றப் பக்கத்தில்: ரிலே, பியூஸ் பிடி, அல்லது யாரோ முன்பு அலாரம் பூட்டும்போது வெட்டி ஒட்டிய வயர். களவுக்கு எதிரான அலாரத்தைப் பம்ப் வயரில் தொடுப்பது வழக்கம். அந்த ஒட்டுகளை நான் முதலில் சந்தேகிப்பேன்.

கேஜ் வைத்துப் பார்த்தல்

மின்சாரம் சரி என்றால் இனி அழுத்தத்தை அளக்கலாம். அதற்கு முன் பாதுகாப்பு. இது விளையாட்டு இல்லை. இன்ஜின் நின்ற பிறகும் குழாய்க்குள் அழுத்தம் தேங்கியிருக்கும். நட்டைத் தளர்த்தியதும் பெற்றோல் முகத்துக்கே பீய்ச்சும், சூடான எக்ஸோஸ்ற்றில் பட்டால் பற்றிக்கொள்ளும். பம்பின் பியூஸையோ ரிலேயையோ கழற்றிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்க வேண்டும். பிறகு பற்றரியின் மைனஸைக் கழற்ற வேண்டும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் உலர்தூள் தீயணைப்பானை வையுங்கள், பீடி சிகரெட்டோடு எட்டிப் பார்க்க வருகிறவரை அப்பால் அனுப்புங்கள். கையில் பழக்கமில்லை என்றால் இந்தப் பகுதியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று கேஜைப் பார்த்தால் போதும். எண்ணை வாசிக்கத் தெரிவதுதான் உங்களுக்கு வேண்டியது.

90களின் ஜப்பான் கார்கள் பெரும்பாலானவற்றில் கேஜ் மாட்டவென்று தனி வாய் கிடையாது. பில்டருக்கும் இன்ஜெக்டர் குழாய்க்கும் இடையில் 'டி' வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு மாட்ட வேண்டும். கழற்றும் போல்ட்டின் இரு பக்கமும் இருக்கும் செப்பு வாஷரைத் திரும்பப் போடாமல் புதிது போடுங்கள். பழைய வாஷர் கசிந்தால் பொனட்டுக்குள் பெற்றோல் மழை பெய்யும்.

எத்தனை இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி வேறு. கையேட்டைப் பார்ப்பதே முறை. உதாரணத்துக்கு நம்முடைய வீதிகளில் நிறைந்து கிடக்கும் 5ஏ இன்ஜின் கொரோலாவை எடுப்போம். ரெகுலேட்டரின் மேலே ஒரு மெல்லிய வெக்யூம் ஹோஸ் வந்து சேரும். அதைக் கழற்றி முனையை அடைத்துவிட்டு இன்ஜினை ஸ்லோவில் விட்டால் 38 முதல் 44 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். ஹோஸைத் திரும்ப மாட்டியதும் 31 முதல் 37 வரை இறங்க வேண்டும். டயருக்கு 30 பிஎஸ்ஐ அடிக்கிறோம். அதை விடக் கொஞ்சம் கூட என்று மனதில் வைத்துக்கொண்டால் மறக்காது. கேஜில் பார் கணக்கு இருந்தால் 14.5 பிஎஸ்ஐ ஒரு பார். ரிட்டர்ன் குழாய் இல்லாத பின்னைய கார்களில் ரெகுலேட்டர் டாங்கிக்குள்ளேயே இருக்கும். அவற்றில் வெக்யூம் ஹோஸும் இல்லை, அழுத்தமும் மாறாது. 121 கொரோலாவின் 1என்இசட் இன்ஜினில் 44 முதல் 50 வரை.

வெக்யூம் ஹோஸ் எதற்கு? இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது உறிஞ்சும் பக்கத்தில் வெற்றிடம் பலமாக இருக்கும். அது இன்ஜெக்டரின் வாயில் இருந்து பெற்றோலை இழுக்கும். அந்த இழுவையைச் சமன்செய்ய ரெகுலேட்டர் அழுத்தத்தை அதே அளவுக்கு இறக்குகிறது. முழுதாக மிதித்ததும் வெற்றிடம் மறையும், அழுத்தம் மேலே ஏறும். எனவே மிதிக்கும்போது கேஜ் முள் மேலே போக வேண்டும். கீழே போனால் அங்கேதான் கோளாறு.

இப்போது எண்களைப் படிப்போம். ஸ்லோவிலேயே அழுத்தம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிட்டர்ன் குழாயின் றப்பர் ஹோஸைத் துணி சுற்றிய குறடால் மெதுவாக, ஓரிரு வினாடிக்கு மட்டும் நெருக்குங்கள். அழுத்தம் விருட்டென்று மேலே போனால் பம்ப் பலமாகத்தான் இருக்கிறது. ரெகுலேட்டர்தான் பிடிக்காமல் எல்லாவற்றையும் திருப்பி அனுப்புகிறது. நெருக்கியும் முள் அசையவில்லை என்றால் ரெகுலேட்டர் நிரபராதி. பில்டர், டாங்கிக்குள் இருக்கும் வலை, பம்ப் ஆகிய மூன்றில் ஒன்று. ஹோஸ் பழையதாகி வெடிப்பு விட்டிருந்தால் இந்தச் சோதனையைத் தொடவே வேண்டாம், ஹோஸை மாற்றிவிட்டுச் செய்யுங்கள். நெருக்கிப் பிடித்தபடி நிற்கவும் கூடாது. நல்ல பம்ப் வழக்கத்தை விட இரண்டு மடங்கு வரை ஏற்றிவிடும், எங்காவது பலவீனமான இணைப்புப் பிய்த்துக்கொள்ளும்.

ரெகுலேட்டரில் இன்னொரு கோளாறும் வரும். அதன் உள்ளே இருக்கும் றப்பர்ச் சவ்வு கிழிந்தால் வெக்யூம் ஹோஸ் வழியே பெற்றோல் இன்ஜினுக்குள் போய்விடும். அந்த ஹோஸைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். பெற்றோல் ஈரம் இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

ஸ்லோவில் எல்லாம் சரி, ஊருக்குள்ளும் சரி, மலையில்தான் குறை என்றால் நின்ற இடத்தில் எடுக்கும் அளவு ஏமாற்றும். நீண்ட ஹோஸ் உள்ள கேஜை முன்கண்ணாடியில் வைப்பரின் கீழே வெளிப்பக்கமாகச் செருகி, ஒரு கடும் ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பெற்றோல் ஹோஸை எக்காரணம் கொண்டும் காருக்குள் எடுக்காதீர்கள். ஏற்றத்துக்கு நாம் எங்கே போவது என்பது நியாயமான கேள்விதான். அதற்கு மாற்றாக ஓட்டத்தை அளக்கலாம். ரிட்டர்ன் குழாயைக் கழற்றி, பெற்றோலுக்கென்றே உள்ள கலனுக்குள் விட்டு, பம்பை 30 வினாடி ஓட்டுங்கள். பொதுவான கணக்கு அரை லீற்றருக்குக் குறையக் கூடாது. கேஜில் எண் சரியாக இருந்து, கலனில் கால் லீற்றர்தான் விழுகிறது என்றால் 18 வளைவில் என்ன நடந்தது என்பது விளங்கிவிடும். முதலில் பில்டரை மாற்றி மீண்டும் அளங்கள். பில்டர் பம்பை விட எவ்வளவோ மலிவு, அது போகிறபோது பம்பையும் சேர்த்து வருத்துகிறது.

இன்னொரு வகைக் குறை காலையில் மட்டும் தலைகாட்டும். ஸ்டார்ட்டர் நீண்ட நேரம் சுற்றினால்தான் இன்ஜின் பற்றும், பற்றிய பிறகு ஒரு குறையும் இராது. இன்ஜினை நிற்பாட்டி ஐந்து நிமிடம் கழித்துக் கேஜைப் பாருங்கள். மேலே சொன்ன 5ஏ கொரோலாவில் குறைந்தது 21 பிஎஸ்ஐ மிஞ்சியிருக்க வேண்டும். சர்ரென்று பூச்சியத்துக்கு வந்தால் பம்பின் வாயில் இருக்கும் ஒருவழி வால்வு, ரெகுலேட்டர், இன்ஜெக்டர் மூன்றில் ஒன்று பிடிக்கவில்லை. இதற்காக அவசரப்பட வேண்டியதில்லை. திறப்பை ஒன் பண்ணியதும் பம்ப் ஓடுகிற கார் என்றால் இரண்டு மூன்று தரம் ஒன், ஓப் பண்ணிவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் சமாளிக்கலாம். இன்ஜெக்டர் ஒழுகினால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒழுகிய பெற்றோல் இன்ஜின் ஒயிலோடு கலக்கும்.

டாங்கிக்குள் கிடப்பது

பம்பின் வாயில் ஒரு வலை இருக்கிறது. ஏற்றத்தில் நின்று, கொஞ்சம் பொறுத்தால் மறுபடி ஓடுகிற காரில் நான் முதலில் நினைப்பது அந்த வலையைத்தான். பம்ப் உறிஞ்சும்போது கறள் தூளும் சேறும் வலையோடு ஒட்டி வழியை மூடும். பம்ப் நின்றதும் உறிஞ்சல் இல்லாததால் அவை உதிர்ந்து கீழே விழும், வழி திறக்கும். சூடாகிச் சோர்ந்த பம்பும் இதே மாதிரி நடிக்கும், அதனால் இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. டாங்கியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பற்றரியில் இயங்கும், மூடிய டோர்ச்தான். வயர் இழுத்த பல்ப் அல்ல.

நம்முடைய பகுதியில் டாங்கிக்குள் அழுக்குச் சேர இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. ஒன்று மாரி வெள்ளம். கார்த்திகை, மார்கழியில் படுவான்கரைப் பக்கம் வீதியை மேவி வெள்ளம் பாயும்போது இடுப்பளவு தண்ணீருக்குள் நின்ற வாகனங்கள் எத்தனை! டாங்கியின் காற்றுப் போக்கியாலும், பம்ப் மூடியின் பழைய றப்பராலும் தண்ணீர் உள்ளே இறங்கும். தண்ணீர் பெற்றோலை விடக் கனம், அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பம்ப் உறிஞ்சுவதும் அடியில் இருந்துதான். இரும்பு டாங்கி என்றால் அங்கேயே கறள் பிடிக்கத் தொடங்கும். வெள்ளத்தில் நின்ற காரின் பெற்றோலில் கொஞ்சத்தைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து ஆடாமல் வைத்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் தனியாகப் பிரிந்து அடியில் தெரியும்.

மற்றது 2022 எரிபொருள் தட்டுப்பாடு. பங்கீட்டுக்குக் கியூஆர் வருவதற்கு முன்னர் பெற்றோல் செட் வாசலில் இரவு பகலாக நின்றோம். கிடைத்ததை பரலிலும் தண்ணீர்க் கலனிலும் சேமித்தோம். மண்ணெண்ணெய் கலந்து விற்றவர்களும் இருந்தார்கள். அந்தக் காலத்து அழுக்கு சில டாங்கிகளின் அடியில் இன்னும் கிடக்கிறது. டாங்கியைக் கழுவாமல் புதுப் பம்ப் போட்டால் புது வலையும் அடைபடும். பம்ப் மாற்றுவதானால் வலையையும் பில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள்.

டாங்கியில் எப்போதும் கொஞ்சமாக அடித்து ஓட்டுவதும் பம்புக்குக் கூடாது. தன்னைச் சுற்றி நிற்கும் பெற்றோலால்தான் பம்ப் குளிர்கிறது. விலைவாசிக்கு ஆயிரம் ரூபாய்க்கு அடித்து ஓட்டுகிறவரிடம் இதைச் சொல்வது எளிதில்லைதான். ஆனாலும் கால் டாங்கிக்குக் கீழே விடாமல் பார்த்துக்கொண்டால் பம்ப் கூடக் காலம் உழைக்கும். இழுவை இல்லையென்று 95 ஒக்டேன் அடித்துப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒக்டேன் என்பது நேரத்துக்கு முன் வெடிக்காமல் தாங்கும் தன்மை. பில்டர் அடைபட்டிருந்தால் 92 எப்படிப் போகாதோ அப்படியே 95ம் போகாது.

காபரேட்டரும் டீசலும்

மாருதி 800, பழைய டிஎக்ஸ் வேகன் போன்ற காபரேட்டர் கார்களில் இன்ஜினோடு ஒட்டிய பம்ப் ஒன்று கேம் தண்டால் இயங்கும். அங்கே தேவைப்படுவது 3 முதல் 5 பிஎஸ்ஐ வரைதான். பம்பின் சவ்வு கிழிந்தால் பெற்றோல் இன்ஜின் ஒயிலுக்குள் இறங்கலாம். டிப்ஸ்டிக்கில் ஒயில் மட்டம் கூடிப் பெற்றோல் மணம் வந்தால் ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். காபரேட்டர் வைத்த மோட்டார் சைக்கிள்களிலும் பழைய ஆட்டோக்களிலும் பெரும்பாலும் பம்பே இல்லை, பெற்றோல் தானாக இறங்கும். அவை கொஞ்சத் தூரம் ஓடி நின்றால் டாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போய், பிறகு வண்டி ஓடினால் மூடியில் இருக்கும் காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கிறது.

டீசலில் கதை வேறு. டொல்பின் வானில் வரும் 2எல், 3எல் இன்ஜின்களில் டாங்கிக்குள் மின்சாரப் பம்ப் இல்லை. இன்ஜினில் இருக்கும் இன்ஜெக்ஷன் பம்ப் தானே டாங்கியில் இருந்து டீசலை உறிஞ்சுகிறது. குழாயில் தள்ளல் இல்லாமல் இழுப்பு இருப்பதால், இணைப்பு எங்காவது விட்டிருந்தாலும் ஓடும்போது டீசல் வெளியே ஒழுகாது, காற்றுத்தான் உள்ளே போகும். நிலத்தில் ஒரு சொட்டும் இல்லை, ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆகாது. பில்டரின் தலையில் இருக்கும் கைப்பம்பை நாலைந்து தரம் அமுக்கினால் ஸ்டார்ட் ஆகும். அப்படி என்றால் காற்றுப் புகுகிறது. பில்டருக்கும் இன்ஜெக்ஷன் பம்புக்கும் இடையில் டீசலைத் தாங்கக்கூடிய கண்ணாடி மாதிரியான ஹோஸ் துண்டு ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டால் குமிழிகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும். அங்கிருந்து பின்னால், டாங்கியை நோக்கி ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். கைப்பம்பின் றப்பரே வெடித்திருப்பதும் உண்டு, அதை முதலில் பாருங்கள்.

கொமன் ரெயில் டீசல் வாகனம் என்றால் இவற்றில் எதையும் இன்ஜின் பக்கத்தில் முயற்சி செய்ய வேண்டாம். அதன் குழாய்களில் ஓடுவது ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தம். நட்டைத் தளர்த்திக் கசிவு பார்க்கும் பழைய டீசல் பழக்கத்தை அங்கே காட்டினால் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உடம்புக்குள் போய்விடும். பில்டரை மாற்றி, அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் ஸ்கேனரில் ரெயில் அழுத்தத்தைப் பார்க்கத் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.